ஸ்வெட்டர் திருட்டு

“பையைத் திறந்து காட்டு. இல்ல, கூடாரத்துக்குள்ள வா. ரெண்டுல ஒண்ணு.”

துணிக்கடைக்காரி அந்தப் பெண்ணின் மணிக்கட்டை விடவில்லை. மாதம் ஒரு முறை கூடும் தெருச் சந்தை, தோளோடு தோள் உரசும் கூட்டம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காணாமல் போனது ஒரு பச்சை ஸ்வெட்டர். எடுத்தது இவள்தான் என்று கடைக்காரி சாதித்தாள். அந்தப் பெண் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைக்காரியின் பக்கமே திரும்பவில்லை. புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சிரித்த முகமாக நின்றான். தோளில் கைக்குழந்தை.

“பரவாயில்ல, வா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்றான், கோபமே இல்லாத குரலில்.

அதைக் கேட்டதும் அவள் உதடு வெளுத்தது.

பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி அதைக் கவனித்தாள். தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் வக்கீல். படிப்பது என்னவோ தாவரவியல். இந்தக் குடும்பத்தைக் கோப்பைக் கடையிலேயே கவனித்திருந்தாள். மனைவி ஆசையாக எடுத்த கோப்பையை, ஒரு வார்த்தை பேசாமல் பிடுங்கித் திரும்ப வைத்தவன் இவன். குழந்தையை வாங்க அவள் கை நீட்டியபோது அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டவன்.

இப்படிப்பட்டவன் எதிரில் திருடி என்ற பட்டம். இவள் இன்று வீடு போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

“அவங்க எடுத்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?” என்றாள் வக்கீல்.

“பார்க்காமலா கையைப் பிடிச்சிருக்கேன்? வந்துட்டாங்க பஞ்சாயத்து பண்ண. உன் வேலையைப் பாரு பாப்பா.”

வக்கீல் விடுவாளா? சாட்சி இல்லாமல் ஒருத்தியை நடுத்தெருவில் நிறுத்துவது என்ன நியாயம், சோதனை போட நீ என்ன போலீஸா, நாளைக்கு இவள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா என்று அடுக்கினாள். கூட்டத்தில் ஒருவன், இதுவும் கூட்டாளியாத்தான் இருக்கும் என்றான். சிரித்தார்கள். ஒரு அம்மாள், பார்த்தால் குடும்பப் பெண் மாதிரி இருக்கிறாள், இதெல்லாம் தேவையா என்று உச்சுக்கொட்டினாள். காசில்லாத வேடிக்கை யாருக்குத்தான் கசக்கும்?

கடைக்காரி மசியவில்லை. பொம்பளையைப் பொம்பளைதான் சோதிக்கணும், கூடாரத்துக்குள்ள ஆம்பளை காலடி வைக்கக் கூடாது, இது சந்தைக் கட்டுப்பாடு என்று அறிவித்தாள். துணி போட்டுப் பார்க்கக் கடைக்குப் பின்னால் கட்டியிருந்த கூடாரம் அது. பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் அவளுக்கு ஆமாம் சாமி போட்டுவிட்டு, வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னாளே ஒன்று.

“குழந்தையையும் குடு. பிள்ளை சட்டைக்குள்ள செருகிக் கடத்துறவளுங்களை நான் எத்தனை பார்த்திருக்கேன்.”

வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது. “குடுக்காதீங்க சார். குழந்தை பயந்துடும்.”

அவன் தயங்கினான். முதல் முறையாக அந்தச் சிரிப்பு குறைந்தது. கூட்டத்தில் செல்போன்கள் உயர்ந்தன.

“ஏன் சார் யோசிக்கிறீங்க? சரக்கு குழந்தைகிட்டதான் இருக்கா?” என்றார் பாத்திரக்கடைக்காரர்.

அவன் குழந்தையை இறக்கிக் கொடுத்தான்.

“நல்லாத் தேடு. ஒண்ணும் இல்லைன்னா அடுத்த சந்தையில உனக்குக் கடை இருக்காது” என்று கடைக்காரியிடம் மெதுவாகச் சொன்னான். மனைவியிடம் அதைவிட மெதுவாக, “சீக்கிரம் வா.”

திரை விழுந்தது.

கடைக்காரியின் அதட்டல் தெருவுக்கே கேட்டது. கையைத் தூக்கு. திரும்பி நில்லு. அழுது நடிக்காதே. பிள்ளை சட்டையைக் கழட்டு. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்கவே இல்லை. குழந்தைகூட அழவில்லை. வாயைப் பொத்தியிருக்கிறாளோ?

புருஷன் போனை எடுத்து அழுத்தினான். கூடாரத்துக்குள் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு வாசலை நோக்கி ஓர் அடி வைத்தான். பாத்திரக்கடைக்காரர் நகரவில்லை.

“நானும் பொண்ணுதானே, எனக்கென்ன கட்டுப்பாடு?” என்ற வக்கீல், அவர் கைக்கடியில் குனிந்து உள்ளே பாய்ந்தாள். திரை அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

கொடியில் தொங்கும் சட்டைகள். ஒரு நிலைக்கண்ணாடி. முக்காலியின் மேல் அந்தப் பெண்ணின் போன், அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரி நடுவில் தனியாக நின்று, “இந்தப் பக்கம் திரும்பு” என்று வெறும் காற்றை அதட்டிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கத் துணி அவிழ்ந்து கிடந்தது. அதன் வழியே, சந்து முனையில் ஒரு வேனின் கதவு சாத்தப்படுவது தெரிந்தது. சாத்துவதற்கு முன், அம்மாவின் தோளில் சாய்ந்த ஒரு சின்னத் தலை.

வக்கீல் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வார்த்தை வரவில்லை.

கடைக்காரி அவள் கையைப் பற்றினாள்.

“அவங்க அண்ணன் வண்டி” என்று கிசுகிசுத்தாள். “மாசா மாசம் துணி போட்டுப் பார்க்கிற சாக்குல இங்க வந்து அழுதுட்டுப் போகும் அந்தப் பொண்ணு. அவன் கூட வராத இடம் இது ஒண்ணுதான். பிள்ளையைத்தான் அவன் கையிலிருந்து வாங்க வழி தெரியாம இருந்துச்சு.”

வெளியே அவன் மனைவியை அழைத்தான். குரல் இப்போது மெதுவாக இல்லை. திரை அசைந்தது.

“ஏன் பாப்பா நிறுத்திட்டே? திட்டு. முன்னைவிடச் சத்தமா என்னைத் திட்டு. வண்டி இன்னும் பெரிய ரோட்டுல ஏறலை.”