சீனத்துப் பிள்ளை

“டீச்சர், கொஞ்சம் ஓடி வாங்க! சீனத்துப் புள்ளயொண்டு கடைக்குள்ள வந்து அழுதுக்கிட்டு ஈக்கிது. இங்க ஒருத்தருக்கும் சீனம் தெரியா!”

நளீர் நானாவின் அழைப்பு வந்தபோது சுதர்சினி கண்டி வாவிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். மரச் சிற்பங்கள் விற்கும் அவருடைய கடை கூப்பிடு தூரந்தான். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள்.

உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிலிமத்தலாவையில் பல வருஷமாக ஆங்கில வகுப்பு நடத்தியவள் அவள். “இங்கிலீஷ்தான் வீட்டுலயே பேசுறோமே டீச்சர், இனிமே சைனீஸ்தான்” என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், பேங்க்காரர்கள், ஹோட்டல்காரர்கள் என்று இங்கிலீஷ் தெரிந்த சனமெல்லாம் சீன வகுப்பில் போய் உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் அவளும் போனாள். அங்கே அவளுக்குப் பக்கத்துக் கதிரை நளீரின் மகள் ரிப்காவுக்கு.

கடைக்குள் ஒரே கூட்டம். நடுவில், மர யானைகளோடு ஒண்டிக்கொண்டு, ஏழெட்டு வயதுச் சிறுமி. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. அழுது அழுது முகம் சிவந்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“பௌர்ணமிப் போயாச் சனத்துக்குள்ள உம்மா வாப்பாவ விட்டுட்டு வந்திட்டு போல. பொலிஸுக்குச் செல்லியாச்சு, ரோட்டெல்லாம் சனம், அவங்களும் இன்னம் வந்து சேரல்ல. நீங்க பேரையாச்சும் கேளுங்க டீச்சர்.”

சுதர்சினி குனிந்து, “நீ ஹாவ்” என்று சீனத்தில் வணக்கம் சொன்னாள். சிறுமி மிரண்டு பின்வாங்கினாள்.

பெயரைக் கேட்டாள். ஊரைக் கேட்டாள். சீனத்தில் குரல் ஏறினால் ஓர் அர்த்தம், இறங்கினால் இன்னோர் அர்த்தம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் ஏற்றியும் இறக்கியும் கேட்டாள். சிறுமி வாயே திறக்கவில்லை.

“மாமா?” என்று கேட்டாள் சுதர்சினி கடைசியில்.

“மாமாவோட வந்த புள்ளயா?” என்றார் நளீர்.

“இல்ல நானா. சீனத்துல மாமான்னா அம்மா.”

அந்தச் சொல் மட்டும் போய்த் தைத்தது. சிறுமி ஓவென்று வெடித்து அழுதாள். விக்கலுக்கு நடுவே, “வோட... வோட...” என்றாள்.

சுதர்சினி துள்ளி நிமிர்ந்தாள். “‘வோ த’ன்னு சொல்றா நானா! அப்படீன்னா ‘என்னோடது’ன்னு அர்த்தம். எதையோ தன்னோடதுங்கிறா!”

“எனத்தயாம்?”

அதுதான் தெரியவில்லை. கழன்ற சப்பாத்தா என்று காலைத் தொட்டுக் காட்டினாள். யாரோ ஒருவர் தன் பையைத் தூக்கிக் காட்டினார். நளீர் அலுமாரியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து நீட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி மறுத்து, “வோட” என்றே அழுதாள் சிறுமி. போகப்போகத் தொண்டை கட்டி அந்தச் சத்தமும் தேய்ந்தது.

“டீச்சருக்கும் வெளங்கல்ல” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்.

சுதர்சினிக்குக் காது சுட்டது. இந்தப் பிள்ளையைத் தேடி ஒரு தாய் எந்தத் தெருவில் பைத்தியம் போல ஓடிக்கொண்டிருக்கிறாளோ! வாய் உலர்ந்துபோய், கைப்பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறந்தாள். சிறுமி பாய்ந்து அதைப் பறித்தாள். சட்டையெல்லாம் சிந்தச் சிந்த மடமடவென்று குடித்தாள்.

“யா அல்லாஹ், தண்ணிக்கா இவ்வளவு நேரமும் அழுதீக்கிது!”

சுதர்சினிக்கு அழுகை முட்டியது. தண்ணீருக்குச் சீனத்தில் ‘ஷுய்’. முதல் வாரமே படித்த சொல். அதை இந்தப் பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே! அவள் படித்தது எந்த ஊர்ச் சீனமோ, இது எந்த ஊர்ச் சீனமோ.

அப்படியே தரையில் முழங்காலிட்டு, சிறுமியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்கம்மா” என்றாள் தமிழிலேயே. “ஒன் பாஷ எனக்கு வரல.”

சிறுமி புறங்கையால் வாயைத் துடைத்தாள். விக்கல் நின்றிருந்தது. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சுதர்சினியிடம் திரும்பி, நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்:

“டஸ் எனிபடி ஹியர் ஸ்பீக் இங்கிலீஷ்?”