கழுத்துப் பிடிப்பு

விடிந்தால் மொன்டானா மலையில் எல்க் மான் வேட்டை. ஹார்லன் சொல்லிச் செய்யவைத்த துப்பாக்கி தோட்டாவை உள்ளே விடமாட்டேன் என்கிறது. "ஏம்மா, குழல்ல தோட்டா உட்கார்ற அறையைத் தப்பாக் குடைஞ்சுட்டீங்க," என்று பட்டறை மேசையில் சாய்கிறான். அதைக் குடைந்த வெர்லா அவனுடைய தோட்டா ஒன்றில் கறுப்பு மை பூசி, அறைக்குள் தள்ளி உருவி, ஜன்னலின் பனி வெளிச்சத்தில் திருப்புகிறாள். தோட்டாவின் உடம்பில் மை அப்படியே இருக்கிறது. குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தில் மட்டும் உரசிப்போய்ப் பித்தளை மினுங்குகிறது. "குறி சுடுற பந்தயக்காரங்க மாதிரி அறையோட கழுத்து இறுக்கமா வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்க. அவங்க ஒவ்வொரு தோட்டாவுக்கும் கழுத்தைச் சீவி, தாங்களே மருந்தடைப்பாங்க. இதை எங்க வாங்கினீங்க?" ஹார்லன் தொப்பியைச் சரிசெய்கிறான். "பெட்ரோல் பங்க் கடையில." வெர்லா தோட்டாவைத் துடைத்து அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். "அறையைக் கொஞ்சம் அகலமாக்க முடியாதா?" என்கிறான். "முடியுமே சார். கடையில விக்கிற சாதாரணத் துப்பாக்கியெல்லாம் அப்படி அகலமாத்தான் வருது."