குல்லாய் போட்ட காய்

மழைக்காலத்தில் ஒரு சுவர் முழுக்கப் பாசி படர்ந்திருந்தது. அதன் தலையில் ஒரே ஒரு காம்பு முளைத்து, நுனியில் குல்லாய் போட்ட காய் ஒன்று நின்றது. காய்க்குள் பாசியின் பிள்ளைகள், மாவுத்தூளைவிடச் சின்னவை, ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்தன.

எறும்பு ஓடி வந்தது. "பாசியக்கா, ஆள் வந்துவிட்டான். வாளியில் சுண்ணாம்பு கரைக்கிறான். மதியத்துக்குள் இந்தச் சுவரே வெள்ளை."

பாசி சிலிர்த்தது. "நல்லவேளை, காற்றும் வந்துவிட்டது. காயே, குல்லாயைக் கழற்று, வாயைத் திற. பிள்ளைகள் எதிர்ச்சுவருக்குப் பறக்கட்டும்."

"குல்லாயைக் கழற்றினால் என்னைத் தலைவன் என்று யார் மதிப்பார்கள்?" என்றது காய். "எப்போது திறப்பது என்று உயரத்தில் நிற்பவனுக்குத் தெரியும். கீழே கிடப்பவர்கள் பொறுத்திருங்கள்."

"குல்லாய்க்குள்ளே மொட்டை போலிருக்கிறது" என்றது எறும்பு.

"நீ நிற்பது என் தலையில்" என்றது பாசி காயிடம். "குடிப்பது நான் உறிஞ்சிய தண்ணீர். அந்தக் குல்லாயும் நீ மேலே போகும்போது என் உடம்பிலிருந்து கிழித்துக்கொண்டு போனதுதான்."

"பழைய கதை பேசாதே."

பாசி காம்புக்குப் போகும் தண்ணீரை நிறுத்தியது. வெயில் ஏறியது. காய் வறண்டது, குல்லாய் நழுவி விழுந்தது, வாய் தானாகப் பிளந்தது. அடுத்த காற்றில் பிள்ளைகள் புகைபோலக் கிளம்பி, எதிர்ச்சுவரின் ஈர வெடிப்புகளில் போய் இறங்கின.

"இறங்கிவிட்டார்கள், அக்கா, இறங்கிவிட்டார்கள்" என்று எறும்பு துள்ளியது.

சுண்ணாம்பு மட்டை நெருங்கியபோது, காய் வறண்ட தொண்டையோடு அறிவித்தது: "என் ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் கிளம்பினார்கள், பார்த்தீர்களா."