கூழ்முட்டை

அடைகாத்த கோழியை நாய் கவ்விப்போன பிறகு, மிஞ்சிய ஒற்றை முட்டையை ஞானப்பூ மூன்று நாளாய்ப் பஞ்சில் பொதிந்து மடியிலேயே வைத்திருந்தாள்.

"கூழ்முட்டைட்டி அது, தூர எறி" என்றான் புருஷன் சாலொமோன்.

"உண்டாக்குனவருக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. தேவாலயத்தில் விளைச்சல் காணிக்கை வைக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. பூசணிக்காய்களுக்கு நடுவே, பஞ்சோடு அதையே வைத்தாள்.

காணிக்கைகளை ஏலம் போட்ட உபதேசியார் முட்டையை எடுத்துக் குலுக்கப் போனார்.

"ஐயோ, குலுக்காதீய!" என்று கத்தினாள் ஞானப்பூ.

சபையே சிரித்தது. அவர் சிரித்துக்கொண்டே அதைக் காதோரம் கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. எல்லாரையும் கையமர்த்திவிட்டுப் பாதிரியார் பக்கம் திரும்பினார்.

"ஐயரே, உள்ள இருந்து ஆரோ தட்டுதாவ!"

ஏலம் கேட்க முதலில் கை தூக்கியவன் சாலொமோன்.