நாலு தடவை கூப்பிடும் பெட்டி

இந்தக் காலத்தில் ரிப்பேருக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் அதே பொருள் திரும்பி வருவதில்லை. வேறு எதையோ துடைத்துக் கையில் கொடுத்து, அதேதான் என்று சத்தியம் செய்கிறார்கள். ஊரே தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிப் போகிறது. நான் ஆட்டுகிற ஆள் இல்லை.

"இது என் பெட்டி இல்லம்மா," என்றேன்.

ரிப்பேர் கடைப் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். "மெஷின்தான் புதுசு ஐயா. உள்ள இருக்கிறது அதேதான்."

"ஓரத்துல ஒரு கீறல் இருந்துச்சே, அது எங்கே?"

மகள் வாங்கி அனுப்பிய பேசும் மாத்திரைப் பெட்டி அது. நேரம் வந்தால் வாய் திறந்து கூப்பிடும். பிரஷர் மாத்திரைக்கு என்னை மூன்று தடவை, மூட்டுவலி மாத்திரைக்கு என் மனைவியை ஒரு தடவை. போன வாரம் என் கை பட்டுத் தண்ணீர் வாளிக்குள் விழுந்து ஊமையாகிவிட்டது.

ரிப்பேரே வேண்டாம் என்றாள் மனைவி. "வெறும் பெட்டி புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம். பழசைப் போய்க் கிளறாதீங்க," என்று இரண்டு நாளாக அதே பாட்டு. என் கையால் கெட்டதை நான்தானே சரிசெய்ய வேண்டும்? இப்போதெல்லாம் பகலிலேயே அசந்து படுத்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். இன்று டீக்கடைக்குப் போகிற வழியில் வாங்க வந்தால் இப்படி.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். சேஸிஸ் மாறினா வண்டியே மாறிடுச்சுன்னு அர்த்தம். என்கிட்ட கதை விடாதே."

அவள் சலித்துக்கொள்ளவில்லை. "ஐயா, உள்ள ஒவ்வொரு மாத்திரையும் ஒரு ஆப்ஜெக்ட். பேரு, நேரம், யாருக்கு, எத்தனை, எல்லாம் அதுக்குள்ள. கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உசுரு. அதனால அப்பப்போ எல்லாத்தையும் பிரிச்சு, ஒரே நீள வரியா ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கும். மெமரி கார்டு நனைஞ்சும் அந்த ஃபைல் தப்பிச்சிருச்சு. அதைப் படிக்கவச்சு, புது மெஷின்ல அப்படியே திரும்ப எழுப்பிட்டேன். சீரியலைசேஷன்னு சொல்லுவோம்."

"சீரியலா? வீட்ல ஏற்கெனவே மூணு ஓடுது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரித்து எழுதுகிறவன் ஒரு வரியைத் தின்றுவிட்டால்? அடுத்த வீட்டு வரி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால்?

"எதுவும் விட்டுப்போகலையே?"

"ஒண்ணே ஒண்ணு. யார் குரல் எதுங்கிறதை மட்டும் ஃபைல்ல எழுத மாட்டாங்க. அது அந்தந்த மெஷினோட காதுக்குத் தகுந்தது. வீட்ல ரெண்டு பேரும் பேசிப் பழக்குங்க. அதுவரைக்கும் யார் பேசினாலும் உங்க வீட்டம்மான்னுதான் நினைச்சுக்கும். பெட்டி அவங்க பேர்லதானே இருக்கு."

"மீசை வச்ச அம்மா! நல்லா இருக்கு உங்க வேலை."

அவள் பெட்டியைக் கரண்டில் செருகினாள். "வணக்கம் அம்மா," என்றது. அதே குரல்தான். குரலை வைத்து நம்பிவிட முடியுமா?

"காலையில என்ன மாத்திரை?" என்று அதட்டினேன்.

"ஐயாவுக்குப் பிரஷர் மாத்திரை, டிபனுக்கு முன்னாடி. எழுந்து பல் விளக்கினதும் கையில கொடுத்துடுங்க. இல்லன்னா சாப்பிட்டு முடிச்சுட்டு மறந்துட்டேம்பார்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். என் சந்தேகம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. சட்டைப் பையில் கை விட்டு ரசீதைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "எல்லாம் சரியா வந்திருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கூப்பிடும்."

"பிடிச்சேன் பார்!" மேசையில் ஓங்கித் தட்டினேன். "நாலு! எனக்கு மூணு, அவளுக்கு ஒண்ணு. எவன் வீட்டுதையோ கொண்டுவந்து சேர்த்துட்டே."

"ஃபைல்ல இல்லாதது எப்படி ஐயா வரும்? அஞ்சாவது, சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போ நீங்க வீட்ல இருப்பீங்களா?"

"ஆறு மணிக்கு நான் டீக்கடையில இருப்பேன். வருஷக்கணக்கா அப்படித்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. பெட்டி ஒரு தடவை மணி அடித்தது. பிறகு, வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத தணிந்த குரலில் பேசியது.

"அம்மா, மணி ஆறு. ஐயா குரல் எதுவும் கேக்கல, டீக்கடைக்குப் போயிட்டார்போல. கேன்சர் மாத்திரை ரெண்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. போட்டுட்டு அட்டையை மறைச்சு வச்சுடுங்க. தெரிஞ்சா அவர் தாங்க மாட்டாருன்னு சொன்னீங்களே."

அந்தப் பெண் பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். கண்ணாடி நழுவி மூக்கில் விழுந்தது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே நின்றாள்.

"ஐயா... உக்காருங்க ஐயா. தண்ணி தரவா?"

பெட்டியை அவள் பக்கமே தள்ளி வைத்தேன். ரசீதையும் அதன் மேல் வைத்தேன். வாசல் படி இரண்டுதான். இறங்க ரொம்ப நேரம் ஆனது.

"ஐயா, உங்க பெட்டி!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது எங்களுது இல்லம்மா. எங்க பெட்டி நாலு தடவைதான் கூப்பிடும்."