தடக்கிய ரவை

"ரவை நீளமாப் போச்சோ எண்டு அளந்து பாத்தனீங்களே, அண்ணை?"

கூட வந்த அருமைராசா கேட்டதும் குணரத்தினம் கையிலிருந்த ரவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து, வெற்றுக்கோதுக்குள் மருந்து நிரப்பி, முனையில் ஈயக் குண்டை வைத்து அழுத்தி, அத்தனை துவக்கு ரவையையும் தன் கையால் செய்தவர் அவர். அந்த ரவைதான் போன கிழமைப் பயிற்சியில் குழலுக்குள் ஏறாமல், பாதி வழியில் தடக்கி, மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

இன்றைக்குப் புவாண்ட்-கிளேரில் இருக்கும் இந்தத் துவக்குச் சுடும் கிளப்பில் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்றைக்கும் தடக்கினால் அணியில் இடமில்லை.

கடை ரவையே வாங்குவம் என்று மனைவி ஜெகதீஸ்வரி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "கடைக்காரன்ரை கையை விட என்ரை கை சுத்தம்" என்று வீரம் பேசியது இவர்தான். இப்போது அவள் சுவரோர வாங்குப் பலகையில், மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு, கதவடியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நீளம் சரி. ரண்டு தரம் அளந்திட்டன்."

"அப்ப குழலைக் கழட்டுங்கோ. ஒண்டை உள்ளை போட்டுப் பாப்பம்."

போட்டார்கள். ரவை டக்கென்று விழுந்து அளவாய் உட்கார்ந்தது.

அருமைராசா டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பெல்டுகளைத் திருத்துகிறவன். தடக்குகிற சாமானைக் கண்டால் சும்மா விடமாட்டான். தன் பையிலிருந்து கடை ரவைகளை எடுத்து, பிஸ்டலுக்கு ரவை ஏற்றும் அதே மகசீனில் நிரப்பினான். மேலே இருந்ததை விரலால் தள்ளி எடுத்தான். அடுத்தது எழும்பி வரவேயில்லை.

"கடை ரவையும் தடக்குது, அண்ணை."

குணரத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பிழை என்ரை ரவையிலை இல்லை" என்று வாங்குப் பக்கமும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஜெகதீஸ்வரி பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

அருமைராசா மகசீனின் அடித்தகட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே இழுத்தான். ரவையை மேலே தூக்கிக் கொடுக்கும் சின்னத் தகட்டைச் சுற்றி மஞ்சளாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தான்.

"இது சந்தனமெல்லே!"

குணரத்தினம் அவசரமாய்த் துடைக்கத் துணி தேடினார்.

"ஆயுத பூசைக்குத் துவக்கைச் சாமிப் படத்துக்கு முன்னாலை வைச்சிருக்கிறியள். தண்ணியாக் கரைச்சுப் பொட்டு வைக்க, மகசீனின்ரை பக்கத்து ஓட்டையாலை உள்ளை இறங்கிக் காஞ்சு போச்சு." அருமைராசா ஜெகதீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான். "அக்கான்ரை பக்தி கொஞ்சம் கூடிப் போச்சுப் போலை."

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் மகசீனைப் பார்த்தார். துணியை எடுத்து விழுந்து விழுந்து துடைத்தார். தகடு இப்போது வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. அருமைராசா குணரத்தினம் செய்த ரவைகளையே போட்டுச் சுட்டுப் பார்த்தான். ஒன்றும் தடக்கவில்லை. குணரத்தினத்துக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கதவடியில் நின்ற கிளப்காரர் அடுத்த ஆளைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்.

ஜெகதீஸ்வரி எழும்பி, பிளாஸ்க்கைக் கணவனின் கையில் கொடுத்துவிட்டுப் பிஸ்டலை எடுத்துக்கொண்டு கதவடிக்கு நடந்தாள்.

"வாற வருசம் என்ரை துவக்குக்கு நானே பொட்டு வைக்கிறன். நீங்கள் மணியை மட்டும் ஆட்டுங்கோ."