ருசி பார்க்க ஒரு வாய்

உக்குவளை ஊறுகாய் ஆலையில் இருநூறு போத்தலுக்கான வெங்காய அச்சாறைக் கலக்கி முடித்த பிறகுதான் ஜைனுதீனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. உப்பை ஒரு தடவை போட்டானா, இரண்டு தடவையா? நடுவில் லுஹர் தொழப் போய் வந்ததில் மறந்துபோயிருந்தது.

நோன்பு வாயால் ருசி பார்க்க மனம் வரவில்லை. வாசலில் கொழும்பு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

“மாணிக்கம், நீ கொஞ்சம் வாயில வெச்சுப் பாரு. உப்புக் கூடியிருந்தா முதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

கூட வேலை செய்யும், அவனை அண்ணன் முறையில் ‘நானா’ என்றே கூப்பிடும் இராசமாணிக்கம் அகப்பையோடு அண்டாவுக்குள் குனிந்தான்.

“அளவா இருக்கு நானா. போத்தல்ல அடைக்கச் சொல்லுங்க.”

ஜைனுதீனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சற்று நேரத்தில் போத்தல்களை ஏற்றிக்கொண்டு லொறியும் புறப்பட்டுவிட்டது.

மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தவன், அண்டாவில் மிஞ்சியிருந்த ஒரு வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டான். உப்புக் கரித்தது, தொண்டைக்குள் இறங்கவில்லை.

“டேய், நீ ருசி பார்த்தியா இல்லையா?”

இராசமாணிக்கம் தலையைச் சொறிந்தான்.

“நானும் இன்னைக்கு அம்மன் தேருக்கு விரதம் நானா. மோந்துதான் பார்த்தேன். நீங்க கலக்கினா என்னைக்குத் தப்பியிருக்கு?”